இடது பக்கம் போடாதே

ஜூன் 5

அன்புள்ள தம்பிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. கேம்ப் முடியும்வரை எங்களுக்கு ஃபோன் கிடையாது. அணித் தேர்வுக் கூட்டத்தில் பேசியதைப் போன வருஷம் எவளோ உலகத்துக்கே ஒலிபரப்பிவிட்டாளாம். அதனால் கோச் எல்லார் ஃபோனையும் வாங்கி அலமாரியில் பூட்டி, சாவியை விசிலோடு சேர்த்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டுவிட்டார்.

சீசன் ஆரம்பிக்கும் முன்பே அணி ஆஸ்பத்திரி வார்டு மாதிரிக் கிடக்கிறது. மட்டை பிடிக்க முதலில் இறங்குகிறவளுக்குத் தொடைத் தசை பிடித்துக்கொண்டது. போன வருஷம் அதிக விக்கெட் எடுத்தவளுக்குக் கணுக்கால் வீக்கம். என் அறையில் இருக்கும் லெஃப்டி, இடது கையால் சுழல் போடுவாளே, அவள் ஒருத்திதான் முழுசாக இருக்கிறாள். புதிதாக ஒரு வேகப்பந்துக்காரி வந்திருக்கிறாள். உயரத்தைப் பார்த்து அவளுக்குக் கொக்கு என்று பெயர் வைத்தாயிற்று. பந்து சீறிக்கொண்டு வருகிறது.

எனக்கு வயிற்றெரிச்சல் வேறு இடத்தில். விக்கெட் கீப்பரான என் இடத்துக்கும் ஒரு பொடிசைக் கூட்டிவந்திருக்கிறார்கள். இப்போதுதான் பள்ளிக்கூடம் முடித்தாளாம். கோச் முதல் நாளே எல்லாரையும் நிற்கவைத்துச் சொல்லிவிட்டார்: "முதல் மேட்ச்ல யார் கீப் பண்றாங்களோ, சீசன் முழுக்க அவங்கதான். நடுவுல மாத்தமாட்டேன்." போன வருஷம் தோள்பட்டையால் பாதி ஆட்டங்களை வெளியில் உட்கார்ந்து பார்த்தேன். இந்த வருஷமும் உட்கார்ந்தால் அவ்வளவுதான். என் வயசில் ஒருத்தி வெளியே உட்கார்ந்தால் அவளை மறுபடி யாரும் கூப்பிடுவதில்லை.

இன்னொரு கூத்தையும் கேள். கீப்பர்கள் இரண்டு பேரும் ஜோடியாகத்தான் பயிற்சி செய்யவேண்டும். காலையில் அவளுக்கு நான் பந்து போடவேண்டும், எனக்கு அவள் போடவேண்டும். என் இடத்தைப் பறிக்க வந்தவளை நானே தேற்றி விடவேண்டுமாம். எந்த ஊர் நியாயம் இது?

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா

ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அங்கே மலைக் குளிர் ஒத்துக்கொள்கிறதா? அம்மா மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னார். சொன்ன அன்றே ஏறி இறங்கிவிட்டு, ஒன்றும் ஆகவில்லை பார் என்கிறார். உனக்குப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று நான் யோசிக்கவேண்டிய அவசியமே இல்லை.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதற்குள் விளையாட்டு வாத்தியாரான எனக்குத் தொண்டை போய்விடுகிறது. சாயங்காலம் கிரிக்கெட் பயிற்சியும் வழக்கம்போல நடக்கிறது.

அந்தப் புதுப் பெண் எப்படி? குனிந்து உட்காருகிறவள் பந்து தரையில் படும் முன்பே எழுந்துவிடுகிறாளா, பந்தோடு சேர்ந்து எழுகிறாளா? சுழலுக்கு ஸ்டம்ப் பக்கத்தில் நிற்கும்போது பயப்படுகிறாளா? கோச் அவளைப் பற்றி என்ன சொல்கிறார்? சாப்பாடு அவளுக்கு ஒத்துக்கொள்கிறதா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

தோளைப் பார்த்துக்கொள். பந்து போடும்போது ரொம்ப வீசாதே.

உன் அன்புத் தம்பி

ஜூன் 21

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவை மாடி ஏறவிடாதே, கதவைப் பூட்டு. அந்தப் பொடிசு சாப்பிட்டால் உனக்கென்ன, சாப்பிடாவிட்டால் உனக்கென்ன? அக்கா சாப்பிட்டாளா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை நீ. நன்றாகத்தான் தின்கிறாள். எனக்குத்தான் இறங்கவில்லை.

காரணம் சொல்கிறேன், உன் மனசோடு வைத்துக்கொள். கொக்கு போட்ட பந்து ஒன்று திடீரென்று உள்ளே திரும்பி என் இடது கை மோதிர விரல் நுனியில் நேராக அடித்தது. உள்ளே ஏதோ உடைந்தது எனக்கே தெரிந்தது. இத்தனை வருஷம் கீப்பராக இருப்பவளுக்கு எது சுளுக்கு, எது முறிவு என்று தெரியாதா? விரல் கத்திரிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. நடு விரலோடு சேர்த்து ஒட்டி, கிளவ்ஸை மாட்டிக்கொண்டு அன்று முழுக்க நின்றேன். சாப்பிடும்போது இடது கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன். லெஃப்டிக்குக்கூடத் தெரியாது.

ஃபிசியோவிடம் போனால் எக்ஸ்ரே, எக்ஸ்ரே எடுத்தால் மாவுக்கட்டு, மாவுக்கட்டுப் போட்டால் பொடிசுக்கு முதல் மேட்ச். உலகத்தில் உன் ஒருவனிடம்தான் சொல்கிறேன். யாரிடமும் மூச்சு விடாதே. பீரோவில் என் பழைய உள் கிளவ்ஸ் இருக்கும், பெரிய சைஸ். வீங்கின விரலுக்கு அதுதான் நுழையும். உடனே அனுப்பு.

அம்மாவிடம் நான் நன்றாக இருப்பதாகச் சொல்.

உன் அக்கா

ஜூன் 28

அன்புள்ள அக்காவுக்கு,

உள் கிளவ்ஸும் ஒட்டுகிற பட்டையும் அனுப்பியிருக்கிறேன். இங்கே எல்லாரும் நலம்.

விரலை டாக்டரிடம் காட்டு. காட்டமாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். நீ சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை. அம்மா உன்னைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

உன் அன்புத் தம்பி

ஜூலை 9

தம்பிக்கு,

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் உனக்கு இருக்கிறது. இரண்டு பயிற்சி ஆட்டம் நடந்தது. முதலாவதில் எழுபத்தி மூன்று ரன், அவுட் இல்லை. இரண்டாவதில் லெஃப்டி பந்தில் மூன்று ஸ்டம்பிங். விரல் உயிர் போகிற மாதிரி வலித்தது, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். "இந்த வருஷம் பெரியவளே நிக்கட்டும்" என்று கோச் தேர்வுக்குழுக்காரரிடம் சொன்னதை லெஃப்டி தன் காதால் கேட்டிருக்கிறாள். முதல் மேட்ச் என்னுடையதுதான்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்றுக் காலை நான் மைதானத்துக்குப் போனபோது பொடிசு தனியாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். தன் ரப்பர் செருப்பு ஒன்றைக் கழற்றிக் கிரீஸ் கோட்டின் மேல் பாதி உள்ளே, பாதி வெளியே வைத்திருந்தாள். பந்து வருவதாகப் பாவித்து, கண்ணை அந்தச் செருப்பின் குதிகாலிலேயே வைத்துக்கொண்டு எழுந்து பழகினாள். மட்டை பிடிக்கிறவளின் குதிகால் தூக்குகிற அந்த நொடியைப் பார்த்து ஸ்டம்பைத் தட்டுகிற வித்தை அது. நம் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருந்த சந்தில் நீயும் நானும் சேர்ந்து கண்டுபிடித்தது. செருப்புக்காக அப்பாவிடம் உதை வாங்கிக் கண்டுபிடித்தது. என் ஸ்டம்பிங் எல்லாம் அதில்தான் வருகிறது. அதை நான் யாருக்கும் காட்டினதில்லை.

யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். "சார்தாங்க்கா" என்றாள். எந்த சார் என்று கேட்டதற்கு உன் பள்ளிக்கூடத்தைச் சொல்கிறாள். சொல்லிவிட்டுப் பல்லைக் காட்டிச் சிரிக்கிறாள். நான் உன் அக்கா என்று அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியுமாம். சொல்லவேண்டாம் என்று நீதான் சொல்லி அனுப்பினாயாம்.

சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று ஏன் கேட்டாய் என்று இப்போது புரிகிறது. சொந்த அக்கா தலையிலேயே மிளகாய் அரைத்திருக்கிறாய். என் பக்கம் இருப்பதுபோல் நடித்து என்னிடமே உளவு கேட்டிருக்கிறாய், நானும் வெள்ளந்தியாக விரல் உடைந்ததுவரை எழுதித் தொலைத்திருக்கிறேன். உடனே பதில் போடு. சாக்குப்போக்கு வேண்டாம்.

அக்கா

ஜூலை 20

தம்பி,

உன் சௌக்கியத்தை விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. அம்மா எப்படி இருக்கிறார்?

உன்னிடமிருந்து பதில் இல்லை. பதிலுக்குப் பதிலாக வேறொன்று வந்தது.

திங்கட்கிழமை காலை ஜோடிப் பயிற்சி. பொடிசு எனக்குப் பந்து போட்டாள். எல்லாப் பந்தும் என் வலது பக்கமே வந்தது. மெதுவாக, பூப்போல. "இடது பக்கம் போடுடி" என்று அதட்டினேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் வலது பக்கமே போட்டாள். கோச் பின்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றதை நான் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார். பொடிசைக் கூப்பிட்டு, ஏன் ஒரே பக்கம் போடுகிறாய் என்று கேட்டார். அந்தக் கழுதை வாயைத் திறக்காமல் என் இடது கையைப் பார்த்தாள். அது போதாதா?

"கிளவ்ஸைக் கழட்டு" என்றார் கோச். கழற்றினேன். வேறு என்ன செய்ய?

மாவுக்கட்டுப் போட்டாயிற்று. முறிவு பழசாகிக் கோணலாகச் சேர ஆரம்பித்திருக்கிறதாம். முதல் மேட்ச் பொடிசுக்கு. அதாவது சீசனே பொடிசுக்கு.

உடை மாற்றுகிற அறையில் அவளைப் பிடித்துக் கேட்டேன். அழுதுகொண்டே சொன்னாள்: "சார்தான் எழுதினாரு. உங்க இடது பக்கம் போடாதே, காரணம் கேக்காதேன்னு." என் விரல் விஷயம் உன் ஒருவனுக்குத்தான் தெரியும். சிஷ்யைக்காகக் கூடப் பிறந்தவளைக் காட்டிக்கொடுத்துவிட்டாய். நன்றாக இரு.

அக்கா

ஜூலை 26

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா நலம். நீ திட்டியதெல்லாம் சரி. ஒன்றுகூடத் தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் நீ நினைப்பது தவறு.

அவள் என் மாணவிதான். சின்னப் பெண்ணாக வந்ததிலிருந்து நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். கேம்ப்புக்கு அவளை எடுத்தபோதே உன்னிடம் சொல்ல நினைத்தேன். அன்று நீ உன் தோள்பட்டையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாய், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு சொல்லத் தைரியம் வரவில்லை. அது என் தப்பு.

ஆனால் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அம்மா மேல் ஆணையாகச் சொல்கிறேன், கோச்சுக்கு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. உடைந்த விரலில் தினமும் பந்து படுகிறதே என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் அவளுக்கு எழுதினேன், இடது பக்கம் போடாதே என்று. உனக்கு வலிக்கக்கூடாது என்று நினைத்துச் செய்தது அக்கா. கோச் அதைக் கவனிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உன் மேல் உள்ள அக்கறையில் நடந்துபோனது.

விரல் கோணலாகச் சேர்ந்தால் நாளைக்குக் குடம் தூக்குவது, குழம்புச் சட்டி பிடிப்பது எல்லாம் கஷ்டம். ஒருவிதத்தில் இது நல்லதற்குத்தான் என்று எடுத்துக்கொள்.

உன் அன்புத் தம்பி

ஜூலை 31

தம்பி,

நான் நன்றாக இல்லை. நீ நன்றாக இருக்கவேண்டும் என்ற ஆசையும் இல்லை.

அக்கறையாம். யார் காதில் பூ சுற்றுகிறாய்? இரண்டு விஷயம் கேட்கிறேன், பதில் சொல்.

விரல் உடைந்தது உனக்கு ஜூன் மாதமே தெரியும். கிளவ்ஸ் அனுப்பினாய், பட்டை அனுப்பினாய், வாயை மூடிக்கொண்டிருந்தாய். அப்போது உனக்குத் தூக்கம் நன்றாகத்தான் வந்தது. எழுபத்தி மூன்று ரன் அடித்தேன், மூன்று ஸ்டம்பிங் செய்தேன், முதல் மேட்ச் என்னுடையது என்று எழுதினேனே, அதைப் படித்த பிறகுதான் தூக்கம் போயிற்றா?

இன்னொன்று. பந்து போடுகிற ஆளைத்தான் கோச் முதலில் பார்ப்பார் என்று உனக்குத் தெரியாதா? பயிற்சியில் ஒருத்தி ஒரே பக்கம் போட்டால் எதிரில் நிற்கிறவளுக்கு அடுத்த பக்கத்தில் கோளாறு என்று, விவரம் தெரிந்த எவனும் சொல்லுவான். நீ வாழ்நாளெல்லாம் பந்து போட்டவன். பள்ளிக்கூட நாளில் என் தோள் வலித்தபோது நீ உயரப் பந்து போடாமல் விட்டாய், அதை வைத்தே அன்றைய கோச் என் தோளைக் கண்டுபிடித்தார். அப்போது பந்து போட்டவன் நீ. எதிர்பார்க்கவில்லையாம்.

நீ அவளுக்காக இதைச் செய்திருந்தால் எனக்குப் புரியும். ஆட்டத்தில் அப்படித்தான். என் இடம் வேண்டுமென்றால் பறித்துக்கொள், நானும் இன்னொருத்தியிடமிருந்து பறித்ததுதான் அது. ஆனால் என் முதுகில் குத்திவிட்டு அந்தக் காயத்துக்கு மருந்து போடுகிற மாதிரி நடிக்கிறாயே, அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. சட்டி பிடிக்கக் கஷ்டமாம். நான் சட்டி பிடிக்கவா இத்தனை வருஷம் இந்தக் கையை வைத்திருக்கிறேன்?

கோச் என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. வலது கை நன்றாக இருக்கிறதே என்று, தினமும் காலையில் பொடிசுக்குப் பந்து போடச் சொல்லியிருக்கிறார். போடுகிறேன். அந்தச் சந்தோஷத்தையும் அனுபவி.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

ஆகஸ்ட் 6

அக்கா,

அம்மா நன்றாக இருக்கிறார். நானும் நன்றாகத்தான் இருக்கிறேன்.

உனக்கு உண்மைதானே வேண்டும்? ஆமாம். தெரிந்துதான் எழுதினேன். அவள் ஒரு பக்கமே போட்டால் கோச் ஒரே நாளில் பிடித்துவிடுவார் என்று தெரியும். காட்டிக்கொடுத்த பாவமும் வரக்கூடாது, காரியமும் ஆகவேண்டும் என்று பார்த்தேன். அம்மா மேல் ஆணையிட்டதும் அதே சாமர்த்தியத்தில்தான். போதுமா?

இப்போது நான் கேட்கிறேன், நீ பதில் சொல். பந்து போடச் சொன்னதை என்னவோ தண்டனை மாதிரி எழுதியிருக்கிறாய். எத்தனை நாள் போட்டாய்? அதற்குள் கசந்துவிட்டதா? அந்தச் சந்தில் நான் உனக்குப் பந்து போட்டுப் போட்டே வளர்ந்தவன். பரீட்சைக்கு முதல் நாள்கூடப் போட்டிருக்கிறேன். எனக்கும் கிளவ்ஸ் மாட்டிப் பார்க்க ஆசை இருந்தது. ஒரு நாளாவது, "பந்தை என்கிட்ட குடுடா, நீ கொஞ்ச நேரம் நில்லு" என்று சொல்லியிருக்கிறாயா? அப்பாவிடம் செருப்புக்கு உதை வாங்கினதாக எழுதினாய். உதை வாங்கினது நான். அது என் செருப்பு.

அணிக்கு உன்னை முதன்முதலாக எடுத்தபோது பேப்பரில் உன் பேட்டி வந்தது, ஞாபகம் இருக்கிறதா? எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டதற்கு, "வீட்டுச் சுவரில் பந்தடித்துத்தான்" என்று சொன்னாய். அம்மா அதை எல்லாருக்கும் படித்துக் காட்டினார், என் எதிரிலேயே. நான்தான் அந்தச் சுவர்.

இந்தப் பெண்ணை நான்தான் உருவாக்கினேன். ஸ்டம்புக்குப் பின்னால் நான் வளர்த்த ஒருத்தி நிற்கவேண்டும், அதை நான் பார்க்கவேண்டும் என்று இருந்தது. நடுவில் நீ நின்றாய். வேறு யாராவது நின்றிருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது. உன் விரலுக்காக வருத்தப்படுகிறேன். செய்ததற்கு வருத்தப்படவில்லை.

தம்பி

ஆகஸ்ட் 19

தம்பி,

கேம்ப் முடிந்தது. ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உன் குரலைக் கேட்க இஷ்டமில்லை, அதனால் எழுதுகிறேன். அம்மாவிடம் நேற்று இரண்டு முறை பேசினேன்.

நேற்று முதல் மேட்ச். மாவுக்கட்டோடு வெளியில் உட்கார்ந்து பார்த்தேன். உன் ஆள் காலையில் கொக்கு பந்தில் ஒரு சுலபமான கேட்சை விட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். மத்தியானம் லெஃப்டி போட வந்தாள். எதிரணித் தலைவி நன்றாக ஆடிக்கொண்டிருந்தாள், அவள் நின்றால் எங்கள் கதை முடிந்தது. லெஃப்டி பந்து திரும்பியது, தலைவி முன்னால் சாய்ந்தாள், குதிகால் தூக்கியதோ இல்லையோ, உன் ஆள் ஸ்டம்பைப் பறக்கவிட்டாள். தலைவியே நம்பாமல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள். நான் என்னை அறியாமல் எழுந்து நின்று மாவுக்கட்டால் நாற்காலியை அடித்திருக்கிறேன். விரல் மறுபடி வீங்கிவிட்டது. அதற்கும் நீதான் காரணம்.

ஜெயித்தோம். பேப்பர்க்காரர் ஒருவர் பொடிசிடம் பேசிவிட்டு என்னிடம் வந்தார். புதுப் பெண்ணைப் பற்றி மூத்த கீப்பராக நாலு நல்ல வார்த்தை வேண்டுமாம். அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது என் தம்பி, எனக்கும் அவன்தான் பந்து போட்டான், அவன் இல்லாவிட்டால் இரண்டு பேரும் இல்லை என்று சொன்னேன். சுவர் என்று முன்னால் சொன்னது தப்பு, அதையும் போடுங்கள் என்றேன். நாளைக்கு வரும். அம்மாவைப் படிக்கச் சொல், நீ எதிரில் உட்கார்ந்து கேள்.

இதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் பந்துகளுக்கு நான் கடன்பட்டிருந்தேன், என் விரலை அதற்கு நீ எடுத்துக்கொண்டது அநியாயம். சாகிறவரை சொல்லிக்காட்டுவேன். ஆனால் போன கடிதத்தில் நீ நடிக்கவில்லை. உன் கடிதங்களிலேயே அது ஒன்றைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மாவுக்கட்டை அடுத்த மாதம் பிரிப்பார்கள். நடுவில் மாற்றமாட்டேன் என்று கோச் சொல்லிக்கொண்டிருக்கட்டும், மாற்றவைக்கிறேன். அதுவரை காலையில் உன் ஆளுக்குப் பந்து போடுவது நான்தான். குனிந்து உட்கார்ந்தவள் இன்னும் பந்துக்குக் கொஞ்சம் முந்தி எழுந்துவிடுகிறாள், வேகப்பந்துக்குக் கை இறுகுகிறது. நான் சொன்னால் அழுகிறாள், நீ எழுதிச் சொல். அவளை நன்றாகத் தயார் செய். அரைகுறையாக நிற்கிறவளிடமிருந்து இடத்தைப் பிடுங்க எனக்கு வெட்கமாக இருக்கும்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். உன்னைக் கேட்கவில்லை.

அக்கா